குளியலறைச் சுவரின் கறுப்புக் கறைகள்: நீக்கும் முறையும் பேண வேண்டிய அவதானமும்





நாம் சுத்தத்தைப் பற்றி அதிகமாகப் பேசுகின்ற ஒரு சமூகம். வுழூவின் பர்ளுகளையும் கடமையான குளிப்பின் ஒழுங்குகளையும் மத்ரஸாவின் ஆரம்ப வகுப்பிலேயே மனனம் செய்து விடுகிறோம். சுத்தம் ஈமானின் பாதி என்ற கருத்துடைய நபிமொழியை அறியாத பிள்ளை நம்மிடையே இல்லை. ஆனால், அந்தக் குளிப்பை நாம் நிறைவேற்றுகின்ற அறையின் சுவரை ஒருமுறை உற்றுப் பாருங்கள். டைல்ஸ் கற்களுக்கு இடையே வெள்ளையாக இருந்த சீமெந்துக் கோடுகள் கறுத்துப் போயிருக்கின்றன. ஷவரின் கீழ் மூலையிலும், வாளி வைக்கும் இடத்திலும், கதவின் அடிப்புறத்திலும் கரும்புள்ளிகள் படர்ந்திருக்கின்றன. தேய்த்தால் சற்று மங்குகின்றன. இரண்டு வாரத்தில் மீண்டும் வந்து நிற்கின்றன.

"இது ஒரு சிறிய விடயம்தானே, இதற்கும் ஒரு கட்டுரையா?" என்று சிலர் எண்ணக்கூடும். இரண்டு காரணங்களுக்காக இதனை எழுத வேண்டியிருக்கிறது. முதலாவது, இக்கறை வெறும் அழகுக் குறைவு அல்ல. வீட்டில் தொய்வு நோயுள்ள பிள்ளையோ முதியவரோ இருந்தால் அவர்களது சுவாசத்தோடு தொடர்புடையது. இரண்டாவது, இக்கறையைப் போக்குவதற்காக நம் வீடுகளில், குறிப்பாகப் பெருநாளைக்கு முந்திய நாட்களில், அறியாமையால் செய்யப்படும் ஒரு கலவை உயிருக்கே ஆபத்தை விளைவிக்கக் கூடியது. எனவே இது என்ன, எப்படி நீக்குவது, மீண்டும் வராமல் எப்படித் தடுப்பது என்பவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

அந்தக் கறுப்பு என்ன?

அது பெரும்பாலும் பூஞ்சணம். பாடசாலையில் விஞ்ஞான பாடத்தில் பங்கசு என்று படித்திருப்பீர்கள். பாணில் படர்வதும், மழைக்காலத்தில் தோற்செருப்பில் வெள்ளையாகப் பூப்பதும் இதே குடும்பத்தைச் சேர்ந்தவைதான். 1928ஆம் ஆண்டில் அலெக்சாண்டர் பிளெமிங் என்ற விஞ்ஞானி பெனிசிலின் மருந்தைக் கண்டறிந்ததும் ஒரு பூஞ்சணத்திலிருந்தே. எனவே பூஞ்சணம் என்ற படைப்பே தீயது என்று கருத வேண்டாம். அது காட்டில் உக்கும் இலைகளை மண்ணாக்குகிறது. ஆனால் அதன் இடம் நமது குளியலறை அல்ல.

பூஞ்சணத்தின் வித்திகள் கண்ணுக்குத் தெரியாத தூசியாகக் காற்றில் எங்கும் மிதந்து கொண்டிருக்கின்றன. அவற்றை முற்றாக ஒழிக்க யாராலும் முடியாது. அவை ஓரிடத்தில் தங்கி வளர்வதற்கு ஈரமும் உணவும் தேவை. உணவு என்றவுடன் வியப்படைய வேண்டாம். நாம் குளிக்கும்போது சுவரில் தெறித்துப் படியும் சவர்க்காரப் படலம், ஷாம்பு, உடலின் எண்ணெய்ப் பசை, உதிரும் தோற்துகள்கள் ஆகிய அனைத்தும் அதற்குப் போதிய உணவாகும்.

ஈரத்தைப் பொறுத்தவரை நமது நாட்டின் காலநிலையே அதற்குத் துணை நிற்கிறது. வீட்டினுள் காற்றின் ஈரப்பதன் 60 சதவீதத்திற்குக் கீழே இருந்தால் பூஞ்சணம் வளர்வது குறையும் என்பது பொதுவான கணிப்பு. இலங்கையிலோ பகலில் சுமார் 70 சதவீதமும் இரவில் 90 சதவீதம் வரையும் ஈரப்பதன் காணப்படுகிறது. களுத்துறை, காலி போன்ற தென்மேற்குக் கரையோரங்களில் ஆண்டின் பெரும் பகுதியிலும், காத்தான்குடி, அக்கரைப்பற்று போன்ற கிழக்குப் பகுதிகளில் வடகீழ்ப் பருவமழைக் காலத்திலும் குளியலறைச் சுவர் காய்வதற்கு அவகாசமே கிடைப்பதில்லை.

அதோடு டைல்ஸ் கற்களின் மேற்பரப்பு கண்ணாடி போன்று மெருகிடப்பட்டது. அதில் நீர் ஊறாது. கற்களின் இடைவெளியை நிரப்பும் பூச்சு அப்படிப்பட்டதல்ல. மேசன்மார் 'கிரவுட்' என்று சொல்லும் அப்பூச்சு பெரும்பாலும் சீமெந்தினால் ஆனது. அதில் கண்ணுக்குப் புலப்படாத எண்ணற்ற நுண்துளைகள் உள்ளன. நீரும் அழுக்கும் அத்துளைகளில் இறங்கித் தங்குகின்றன. கல் வெண்மையாகவே இருக்க, கோடுகள் மட்டும் கறுப்பதற்கு இதுவே காரணம்.

இக்கறை நஜீஸா?

இக்கேள்வியைச் சில இளைஞர்கள் கேட்பதுண்டு. சுவரின் கறுப்பு உடலில் பட்டுவிட்டது என்பதற்காக மீண்டும் மீண்டும் குளிப்பவர்களும் இருக்கிறார்கள். பூஞ்சணக் கறை அழுக்கு. ஆனால் மார்க்கம் கூறும் நஜீஸ் அல்ல. அது உடலில் பட்டதால் வுழூவும் முறியாது, குளிப்பும் வீணாகாது. நீர்த்தேக்கத்தில் தானாக வளரும் பாசியினால் நீரின் நிறம் மாறினாலும், அது தூய்மைப்படுத்தும் நீர் என்ற தகுதியை இழப்பதில்லை என்று ஷாபிஈ மத்ஹபின் சட்ட நூல்கள் விளக்குகின்றன. தவிர்ந்து கொள்ள முடியாத ஒன்றை மார்க்கம் மனிதன் மீது சுமத்தவில்லை. ஆகவே இவ்விடயத்தில் வஸ்வாஸுக்கு இடம் கொடுக்க வேண்டாம். அதற்காகச் சுவரை அப்படியே விட்டுவிடவும் வேண்டாம். நஜீஸ் இல்லை என்பது வேறு, நல்லது என்பது வேறு.

உலக சுகாதார நிறுவனம் 2009ஆம் ஆண்டில் வீட்டினுள் ஏற்படும் ஈரமும் பூஞ்சணமும் பற்றி ஒரு வழிகாட்டியை வெளியிட்டது. ஈரமும் பூஞ்சணமும் உள்ள வீடுகளில் வசிப்போருக்குச் சுவாச நோய்க்குறிகளும் தொய்வும் அதிகம் காணப்படுவதாக அது எடுத்துக் கூறியது. சுகதேகிக்கு ஒரு சிறு மூலையின் கறை பெரிய தீங்கைச் செய்யாது. தொய்வு நோயுள்ள பிள்ளைக்கு அது இருமலையும் மூச்சிரைப்பையும் தூண்டக்கூடும்.

எல்லாக் கறையும் பூஞ்சணமல்ல

மருந்தைத் தேடுமுன் நோயை அறிய வேண்டும். குளியலறையில் நான்கு வகைக் கறைகள் பொதுவாகக் காணப்படுகின்றன.

கறுப்பு அல்லது கரும்பச்சை நிறத்தில் புள்ளி புள்ளியாகப் படர்வது பூஞ்சணம்.

இளஞ்சிவப்பு நிறத்தில் வழுவழுப்பாக, சவர்க்காரத் தட்டின் அடியிலும் நீர் வடியும் துளையைச் சுற்றியும் படிவது பூஞ்சணமல்ல. அது ஒருவகை பக்டீரியா. சவர்க்காரம் இட்டுத் தேய்த்துக் கழுவி, அவ்விடத்தை உலர வைத்தாலே பெரும்பாலும் நீங்கிவிடும்.

வெள்ளை நிறத்தில் மாவு போலவோ சுண்ணாம்பு போலவோ படிவது நீரிலுள்ள உப்புக்கள். புத்தளம், மன்னார் போன்ற வரண்ட பிரதேசங்களில் கிணற்று நீர் வன்மையானது என்பதால் இது அங்கே அதிகம்.

செம்மஞ்சள் அல்லது துருநிறக் கறை நீரிலுள்ள இரும்பினால் உண்டாவது. இதற்கு வெளிற்றும் திரவத்தை இட்டால் கறை குறையாது. இன்னும் ஆழமாகப் பதிந்துவிடும்.

ஐயம் ஏற்பட்டால் ஓர் எளிய சோதனை உண்டு. வெளிற்றும் திரவத்தில் சில துளிகளை நீரில் கலந்து, பஞ்சினால் கறையின் ஓர் ஓரத்தில் மட்டும் தொட்டு வையுங்கள். ஓரிரு நிமிடங்களில் அவ்விடம் வெளிறினால் அது பூஞ்சணமாக இருக்கவே வாய்ப்பு அதிகம். மாற்றமே இல்லையெனில் அது வேறு அழுக்கு அல்லது உப்பு. அச்சோதனைக்கு முன் அந்தச் சுவரில் வேறு எந்தத் திராவகமும் இருக்கக் கூடாது. ஏன் என்பதை அடுத்துச் சொல்கிறோம்.

இக்கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதாயின்

பெற்றோர்களே! இப்பகுதியைப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டுங்கள்.

பெருநாளைக்கு இரண்டு நாள் இருக்கிறது. வீட்டைக் கழுவும் வேலை நடக்கிறது. குளியலறை மகளுக்கோ மருமகளுக்கோ ஒப்படைக்கப்படுகிறது. அவள் கதவைச் சாத்திக் கொண்டு, குந்தியிருந்து தேய்க்கிறாள். வெளிற்றும் திரவத்தை ஊற்றுகிறாள், கறை போகவில்லை. அருகில் கமோட் கழுவும் திரவப் போத்தல் இருக்கிறது, அதையும் ஊற்றுகிறாள். இரண்டு மருந்து சேர்ந்தால் இரட்டிப்புப் பலன் என்பது அவளது எண்ணம். அங்கே விளைவது பலனல்ல, நச்சு வாயு.

வெளிற்றும் திரவம் என்பது சோடியம் ஐப்போகுளோரைட்டின் கரைசல். கமோட் கழுவும் திரவங்கள் பலவற்றிலும், டைல்ஸ் கழுவுவதற்கென்று ஹாட்வெயார் கடைகளில் விற்கப்படும் அசிட்டிலும் ஐதரோக்குளோரிக் அமிலம் இருக்கிறது. இவ்விரண்டும் சேர்ந்தால் குளோரீன் வாயு வெளியேறும். 1915ஆம் ஆண்டு ஏப்ரல் 22ஆம் திகதி, முதலாம் உலகப் போரின்போது பெல்ஜியத்தின் ஈப்பர் நகருக்கு அருகே படையினர் மீது ஏவப்பட்டது இதே வாயுதான். அது காற்றைவிட ஏறக்குறைய இரண்டரை மடங்கு பாரமானது. எனவே மேலே எழாமல் தரையோடு தங்கும். தரையில் குந்தியிருந்து தேய்ப்பவரின் முகத்தின் மட்டத்திலேயே அது நிற்கும். சாத்திய கதவுள்ள சிறிய அறையில் அது எவ்வளவு ஆபத்தானது என்பதை எண்ணிப் பாருங்கள்.

எனவே பின்வருவனவற்றை வெளிற்றும் திரவத்தோடு ஒருபோதும் சேர்க்க வேண்டாம்:

கமோட் கழுவும் திரவம், டைல்ஸ் கழுவும் அசிட், வினாகிரி, தேசிக்காய்ச் சாறு. இவை யாவும் அமிலங்கள். குளோரீன் வாயுவை வெளியேற்றுபவை.

அமோனியா கலந்த கண்ணாடி துடைக்கும் திரவங்கள். இவை குளோரமைன் என்ற வேறொரு நச்சு வாயுவை உண்டாக்கும். சிறுநீர் தேங்கிக் காய்ந்த தரையில் நேரடியாக வெளிற்றும் திரவத்தை ஊற்றினாலும் இதுவே நேரும். அதனால் முதலில் தண்ணீரால் நன்கு கழுவ வேண்டும்.

ஸ்பிரிட் மற்றும் கைகளைத் தூய்மையாக்கும் மதுசாரத் திரவங்கள்.

கிணற்றுக்கு இடும் குளோரீன் தூளும் இதே இனத்தைச் சேர்ந்தது, அதைவிட வலிமையானது. அதனையும் அசிட்டோடு சேர்க்கலாகாது. வெறுந்தூளாகச் சுவரில் அப்பவும் கூடாது.

"ஒன்றாகக் கலக்கவில்லை, ஒன்றன்பின் ஒன்றாகத்தானே ஊற்றினேன்" என்பதும் பாதுகாப்பல்ல. முன்னர் இட்டது சீமெந்துக் கோட்டின் துளைகளில் தங்கியிருக்கும். ஒரு நாளைக்கு ஒரு மருந்து மட்டும் என்பதை வீட்டின் சட்டமாக்கிக் கொள்ளுங்கள்.

தவறுதலாகக் கலந்துவிட்டால், மூக்கிலும் தொண்டையிலும் எரிச்சல், கண்ணீர், இருமல், நெஞ்சு இறுக்கம் ஏற்படும். உடனே அறையை விட்டு வெளியேறுங்கள். அதைக் கழுவிவிட்டு வருகிறேன் என்று உள்ளே தங்க வேண்டாம். திரும்பிச் செல்லவும் வேண்டாம். முகமூடி அணிந்திருப்பது போதாது. தூசியைத் தடுக்கும் முகமூடி வாயுவைத் தடுக்காது. கண்களில் எரிச்சல் இருந்தால் ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவுங்கள். மூச்சுவிடச் சிரமமிருந்தால் 1990 அம்பியுலன்ஸ் சேவையை அழையுங்கள். சில வேளைகளில் நுரையீரல் பாதிப்பு பல மணித்தியாலங்களின் பின்னரே வெளிப்படும் என்பதால், அதிகமாகச் சுவாசித்தவரை வைத்தியரிடம் காட்டுவதே முறை.

தனக்கும் தீங்கில்லை, பிறருக்கும் தீங்கிழைத்தலில்லை என்பது நமது மார்க்கத்தின் அடிப்படை விதிகளில் ஒன்று. சுத்தத்திற்காகச் செய்யும் வேலைக்கும் இவ்விதி பொருந்தும்.

நீக்கும் முறை

முதலில் ஆயத்தம். ஜன்னலையும் கதவையும் திறந்து வையுங்கள். மின்விசிறி இருந்தால் போடுங்கள். பற்தூரிகைகள், துவாய்கள், குழந்தையின் பொருட்கள் அனைத்தையும் வெளியே எடுங்கள். இறப்பர் கையுறை, பழைய ஆடை, செருப்பு, முடிந்தால் கண்ணை மறைக்கும் கண்ணாடி ஆகியவற்றை அணியுங்கள். தொய்வு நோயுள்ளவர் இவ்வேலையைச் செய்யக் கூடாது. அவர் அருகிலும் இருக்கக் கூடாது.

முதலாவது படி, சாதாரணக் கழுவல். பாத்திரம் கழுவும் திரவத்தை நீரில் கரைத்து, சுவரை நனைத்து, கடினமான தூரிகையால் கோடுகள் வழியே தேய்த்து நன்கு கழுவுங்கள். பழைய பற்தூரிகை இதற்குப் பொருத்தமானது. உலர்ந்த நிலையில் தேய்த்தால் வித்திகள் காற்றில் பறக்கும். பலர் இப்படியைத் தவிர்த்து நேரடியாக மருந்தை ஊற்றுகின்றனர். அப்போது மருந்தின் வலிமை சவர்க்காரப் படலத்தோடும் அழுக்கோடும் போரிடுவதிலேயே செலவாகி, பூஞ்சணத்தைச் சென்றடைவதில்லை. இக்கழுவலோடு புதிய கறைகளில் பாதி மறைந்துவிடும்.

இரண்டாவது படி, மென்மையான மருந்து. பாமசிகளில் விற்கப்படும் 3 சதவீத ஐதரசன் பரவொட்சைட்டைக் கோடுகளில் பூசி, 10 நிமிடம் விட்டுத் தேய்த்துக் கழுவலாம். அல்லது வெள்ளைத் துணிகளின் கறை நீக்கும் ஒட்சிசன் வகைத் தூளை இளஞ்சூட்டு நீரில் கரைத்துப் பூசி, 15 முதல் 30 நிமிடம் விட்டுக் கழுவலாம். இவற்றின் மணம் குறைவு. சீமெந்துப் பூச்சையும் அரிப்பதில்லை. சிறு குழந்தைகள் உள்ள வீட்டுக்கு இவையே உகந்தவை. அப்பச்சோடாவை நீரில் குழைத்து, தேய்ப்பதற்குத் துணையாகப் பயன்படுத்தலாம். அப்பச்சோடாவையும் வினாகிரியையும் சேர்த்தால் நுரை பொங்கும். அதைக் கண்டு பலர் மகிழ்வர. அந்நுரை வெறும் காபனீரொட்சைட்டு. ஒன்று மற்றதன் வலிமையை முறித்துவிடுவதால் எஞ்சுவது பெரும்பாலும் உப்புக் கலந்த நீரே.

மூன்றாவது படி, வெளிற்றும் திரவம். மேற்கூறியவற்றால் போகாத பழைய கறைக்கு மட்டும் இதனை நாடுங்கள். இரண்டாம் படி செய்த அதே நாளில் அல்ல, மறுநாளில். 1 கோப்பைத் திரவத்திற்கு 16 கோப்பைக் குளிர்நீர் என்பது போதுமான அளவு. சூடான நீர் அதன் வலிமையைக் குறைத்து நெடியைக் கூட்டும். ஸ்பிரே செய்தால் துளிகள் மூச்சோடு உள்ளே செல்லும். ஆகவே துணியாலோ தூரிகையாலோ பூசுங்கள். செங்குத்தான சுவரில் திரவம் வடிந்துவிடும் என்பதால், டிஷ்யூ தாளைத் திரியாகச் சுருட்டி, கரைசலில் நனைத்து, கோடுகள் மீது ஒட்டிவிடுங்கள். 10 நிமிடத்தின் பின் அகற்றித் தேய்த்து, நிறைய நீர்விட்டுக் கழுவுங்கள். நிறமுள்ள கிரவுட் வெளிறக்கூடும் என்பதால் முதலில் ஒரு மறைவான மூலையில் பரீட்சித்துப் பாருங்கள். குழாய் போன்ற உலோகங்களில் பட்டால் உடனே கழுவுங்கள்.

கரைத்த கலவையை மறுநாளைக்கு வைக்க வேண்டாம். அதன் வலிமை குன்றிவிடும். குடிநீர்ப் போத்தலிலோ சோடாப் போத்தலிலோ ஊற்றி வைப்பதை முற்றாகத் தவிருங்கள். தாகத்தோடு வரும் பிள்ளைக்குப் போத்தல்தான் தெரியும், உள்ளே இருப்பது தெரியாது.

முதல் தடவையில் முழுமையாகப் போகவில்லை என்றால் அளவைக் கூட்ட வேண்டாம். சில நாட்களின் பின் அதே அளவில் மீண்டும் செய்யுங்கள்.

அசிட் பற்றிய ஒரு தவறான நம்பிக்கை

"அசிட் போட்டால் பளிச்சென்று வரும்" என்று பலர் கூறுவர். வருவது உண்மை. ஆனால் எப்படி வருகிறது என்பதைக் கவனியுங்கள். அமிலம் சீமெந்தைக் கரைக்கும். கறை படிந்த மேற்படை கரைந்து போவதால் அடியிலுள்ள புதிய படை வெண்மையாகத் தெரிகிறது. அதே நேரத்தில் கோடு பள்ளமாகி, துளைகள் முன்னரைவிடப் பெரிதாகின்றன. அடுத்த முறை நீரும் அழுக்கும் இன்னும் ஆழமாக இறங்கும். பூஞ்சணம் இன்னும் விரைவாக வரும். ஒவ்வொரு பெருநாளைக்கும் அசிட் கண்ட சுவரில், சில வருடங்களில் கோடுகளே உதிர்ந்து, நீர் கற்களின் பின்னால் கசியத் தொடங்கும். வாடகை வீட்டில் இருப்பவர்கள் இதனைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். அச்சுவர் பிறருடைய அமானிதம்.

கோடுகள் ஏற்கெனவே உதிர்ந்திருந்தால் எந்த மருந்தும் பயன் தராது. மேசன் ஒருவரைக் கொண்டு பழைய பூச்சைச் சுரண்டி எடுத்து, புதிதாக நிரப்பி, அது நன்கு காய்ந்த பின் நீர் ஊறாமல் தடுக்கும் பூச்சுத் திரவத்தைப் பூசுவதே சிக்கனமான வழி. சுவரும் தரையும் சேரும் மூலையில் பூசப்பட்டிருக்கும் சிலிக்கோன் பசையின் உள்ளே கறை சென்றிருந்தால், அதுவும் தேய்த்துப் போகாது. வெட்டி எடுத்து, அவ்விடத்தை உலரவைத்துப் புதிதாக இட வேண்டும். கறை மூன்றடிக்கு மூன்றடி அளவைவிடப் பெரிதாகப் பரவியிருந்தாலோ, சுவரின் மறுபக்கத்திலும் ஈரம் தெரிந்தாலோ, உள்ளே குழாய் கசிகிறதா என்பதை முதலில் பார்க்கச் செய்யுங்கள்.

மீண்டும் வராதிருக்க

ஈரம் இருக்கும்வரை பூஞ்சணம் திரும்பி வரும். சுவரைக் காயவைப்பது ஒன்றே நிலையான மருந்து.

நமது வீடுகளுக்கே உரிய ஒரு பிரச்சினை இங்கே இருக்கிறது. அவ்ரத்தைப் பேணுவதற்காகக் குளியலறை ஜன்னலை நாம் எப்போதும் மூடியே வைக்கிறோம். சிலர் பலகை அடித்தும் விடுகின்றனர். நோக்கம் சரியானது, வழி மாற வேண்டும். தலைமட்டத்திற்கு மேலே சாய்வான கண்ணாடித் தகடுகள் கொண்ட ஜன்னலை அமைத்தால் பார்வை மறைக்கப்படும், காற்று தடைப்படாது. புதிதாக வீடு கட்டுவோர் இதனை வரைபடத்திலேயே சேர்த்துக் கொள்ளலாம். ஜன்னலே இல்லாத மாடிக் குடியிருப்புகளில், காற்றை வெளியேற்றும் மின்விசிறியைக் குளித்த பின்னரும் 20 அல்லது 30 நிமிடம் ஓடவிட வேண்டும். குளித்து முடிந்ததும் கதவைத் திறந்து வைப்பது செலவில்லாத மருந்து.

தரைக்குப் பயன்படுத்தும் இறப்பர் வைப்பரில் சிறியதொன்றை வாங்கி ஷவரின் அருகே தொங்கவிடுங்கள். கடைசியாகக் குளிப்பவர் சுவரை மேலிருந்து கீழாக இழுத்துவிட ஒரு நிமிடம் கூடத் தேவைப்படாது. சுவரில் நிற்கும் நீரின் பெரும் பகுதி அதனால் போய்விடும். நனைந்த துணிகளைக் குளியலறையினுள் தொங்கவிட வேண்டாம். ஷவர் திரை இருந்தால் சுருட்டி வைக்காமல் விரித்துவிடுங்கள். வாரம் ஒருமுறை சவர்க்கார நீரால் கோடுகளைத் தேய்த்தால் வருடம் முழுவதும் வெளிற்றும் திரவம் தேவைப்படாமலே போகலாம்.

நீரின் அளவையும் சிந்தியுங்கள். நபி (ஸல்) அவர்கள் ஒரு முத்து நீரில் வுழூ செய்தார்கள் என்றும், ஒரு ஸாஉ முதல் ஐந்து முத்து வரையான நீரில் குளித்தார்கள் என்றும் ஹதீஸ்களில் வந்துள்ளது. ஒரு முத்து என்பது இரு கைகளையும் சேர்த்து அள்ளும் அளவு. நான்கு முத்து ஒரு ஸாஉ. இன்றைய அளவில் ஒரு ஸாஉ ஏறக்குறைய 3 லீற்றர். பல ஷவர்கள் ஒரே நிமிடத்தில் 8 முதல் 10 லீற்றர் வரை கொட்டுகின்றன. 20 நிமிடம் ஷவரின் கீழ் நிற்கும் இளைஞன் தண்ணீரை வீண்விரயம் செய்வதோடு, சுவரின் பூஞ்சணத்திற்கும் தண்ணீர் ஊற்றி வளர்க்கிறான்.

இது யாருடைய வேலை?

பெரும்பாலான வீடுகளில் இவ்வேலை உம்மாவின் தலையில் விழுகிறது. குளிப்பவர்கள் ஐந்து பேர், கழுவுபவர் ஒருவர். மூட்டு வலியோடு ஈரத்தரையில் குந்தியிருந்து தேய்ப்பவரும் அவரே. அந்த நெடியைச் சுவாசிப்பவரும் அவரே. நபி (ஸல்) அவர்கள் வீட்டில் இருக்கும்போது தமது குடும்பத்தினரின் வேலைகளில் ஈடுபட்டிருந்தார்கள் என்பதை அன்னை ஆயிஷா (ரழி) அவர்கள் அறிவித்துள்ளார்கள். இதை மிம்பரில் கேட்டுத் தலையசைக்கும் நாம், வீட்டுக்கு வந்ததும் மறந்துவிடுகிறோம்.

இளைஞர்களே! இந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குக் குளிப்பதற்கு முன் கால் மணி நேரத்தை ஒதுக்கிக் கொள்ளுங்கள். சவர்க்கார நீரும் ஒரு பழைய பற்தூரிகையும் போதும். உங்கள் தோள் உயரத்திற்குக் கீழுள்ள கோடுகளை மட்டுமாவது தேய்த்து முடியுங்கள். வாப்பாமார்களே! ஹாட்வெயார் கடையில் அசிட் போத்தலுக்குக் கொடுக்கும் பணத்தை ஒரு வைப்பருக்கும் ஒரு சோடிக் கையுறைக்கும் கொடுங்கள். இன்றே உங்கள் குளியலறை அலுமாரியைத் திறந்து, வெளிற்றும் திரவமும் அசிட்டும் அருகருகே இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால் ஒன்றை அங்கிருந்து அகற்றி, பிள்ளைகளின் கைக்கெட்டாத வேறோர் இடத்தில் வைத்துவிடுங்கள். இதைச் செய்ய இரண்டு நிமிடம் போதும்.

அல்லாஹ் நமது உடல்களையும் உள்ளங்களையும் இல்லங்களையும் தூய்மையாக்கி, நமது குடும்பங்களைத் தீங்குகளிலிருந்து பாதுகாப்பானாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.